அளவுக் குச்சி

புல் வெட்டும் மெஷினின் நைலான் கயிறு எதிலோ அடித்து அறுந்தது. குனிந்து பார்த்தேன். காய்ந்த காட்டு ஓட்ஸ் புல்லுக்கு நடுவே, முழங்கால் உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய். இரண்டு அங்குலம் இருக்கும். முனையில் துருவேறிய மூடி. பழைய தண்ணீர்க் குழாய் என்று நினைத்தேன். மூடி கையால் திருகினால் வரவில்லை. கொட்டகையிலிருந்து சுத்தியலை எடுத்துவந்து இரண்டு தட்டு தட்டியதும் கழன்றது.

உள்ளே இருந்து வந்த வாடை தண்ணீருடையது அல்ல. பெட்ரோல்தான், ஆனால் பங்க்கில் வரும் வாடையும் இல்லை. நாள்பட்டுப் புளித்த, வார்னிஷ் கலந்த மாதிரி ஒரு வாடை. பழைய ஸ்கூட்டரைப் பல வருஷம் கழித்துத் திறந்தால் வருமே, அது.

2022 மே மாதம். மனைவி மூன்று மாதக் கர்ப்பம். வீட்டுக்குள் போய் அவளிடம் சொல்வதற்கு முன்னால் கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினேன். ஏன் கழுவினேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

*

நாங்கள் இருப்பது கலிஃபோர்னியாவில், லிவர்மோர் ஊருக்கு வெளியே. சான் ஃப்ரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் கிழக்கு ஓரம். இதைத் தாண்டினால் அல்டமான்ட் கணவாய், காற்றாலைகள், அப்புறம் மத்தியச் சமவெளி. வருஷத்தில் நாலு மாதம் குன்றுகள் பச்சை, மீதி எட்டு மாதம் வைக்கோல் நிறம். ஐ.டி. வேலைக்கு வந்த தமிழர்கள் பெரும்பாலும் டப்ளினிலும் சான் ரமோனிலும் சுவரோடு சுவர் ஒட்டிய புதிய வீடுகளில் இருக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் இருந்தோம். கோவிட் காலத்தில், வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபிறகு, கொஞ்சம் மண் வேண்டும் என்ற ஆசை எனக்குத் தொற்றிக்கொண்டது. தஞ்சாவூர் ஜில்லாவின் கடைமடைப் பக்கம் பிறந்தவனுக்கு இந்த நோய் எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

2021இல் நாலு ஏக்கர் வாங்கினோம். ஒரு காலத்தில் பல நூறு ஏக்கராக இருந்த ரான்ச்சின் மிச்சம் அது. ரான்ச் என்றால் நம்மூர்ப் பண்ணை மாதிரி இல்லை. உழுது விதைப்பது குறைவு, மாடு மேய்ப்பதுதான் வேலை. மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் வைத்திருந்து, துண்டு துண்டாக விற்று, கடைசியில் வீடும் கொட்டகையும் கிணறும் ஒரு பெரிய ஓக் மரமும் இருந்த துண்டை எங்களுக்கு விற்றார்கள். விற்றவர் மூன்றாம் தலைமுறைக்காரர், எழுபது வயதைத் தாண்டியவர். சாவியைக் கொடுக்கும்போது அந்த மரத்தைக் காட்டி, "அதை மட்டும் வெட்டிடாதீங்க" என்றார். அது ஒன்றுதான் அவர் கேட்டுக்கொண்டது.

இந்த ஊரில் வீடு விற்பவர் ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். நிலத்தில் எரிபொருள் டேங்க் இருப்பது தெரியுமா என்பதும் அதில் ஒரு கேள்வி. அந்த இரவு படிவத்தைத் தேடி எடுத்தேன். "இல்லை" என்ற கட்டத்தில் டிக் இருந்தது.

*

நண்பர் ஒருவர் மூலமாக ஒரு ஜியாலஜிஸ்ட் கிடைத்தார். முப்பது வருஷமாக இந்த வேலையே செய்துவரும் அம்மா. குழாயைப் பார்த்ததும், "இது வென்ட் பைப். கீழே டேங்க் இருக்கு" என்றார். நான் சுத்தியல் கதையைச் சொன்னேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "பெட்ரோல் ஆவி நிக்கிற குழாயை இரும்பால தட்டினீங்க. அப்புறம் மூக்கை வெச்சீங்க. ரெண்டையும் இனிமே செய்யாதீங்க" என்றார்.

அவருடைய மூக்கு ஒரு கருவி. போட்டோ அயனைசேஷன் டிடெக்டர், சுருக்கமாக பி.ஐ.டி. புற ஊதா விளக்கு ஒன்று உள்ளே இருக்கும். ஆவியாகும் சேர்மங்கள் அதன் வழியே போகும்போது அயனியாகும். அந்த மின்னோட்டத்தை அளந்து பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று எண்ணாகக் காட்டும். எது என்ன சேர்மம் என்று சொல்லத் தெரியாது, இருக்கிறதா, எவ்வளவு என்று மட்டும் சொல்லும். சாஃப்ட்வேர்க்காரனுக்கு இது உடனே புரிந்தது. லாக் ஃபைலில் எரர் எண்ணிக்கையை முதலில் பார்ப்பது போல.

முதலில் 811க்கு போன். மின்சார, கேஸ் லைன்கள் எங்கே போகின்றன என்று வந்து குறியிட்டுப் போவார்கள். அது இல்லாமல் இங்கே மண்வெட்டி போடக் கூடாது. பிறகு ஒரு நாள் சிறிய டிராக்டர் அளவுக்கு ஒரு வண்டி வந்தது. எஃகுக் குழலை மண்ணுக்குள் அடித்து இறக்கி மேலே இழுக்கும். உள்ளே கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலு அடி நீளத்துக்கு மண். மேசைமேல் வரிசையாக அடுக்கி உறையைக் கத்தியால் கீறித் திறந்தார்கள். என் நிலத்தின் குறுக்குவெட்டு.

மேல் இரண்டு அடி பழுப்பு. அதற்குக் கீழே சரளை கலந்த மண். ஆறாவது அடியிலிருந்து நிறம் மாறியது, சாம்பல் கலந்த பச்சை. பெட்ரோலுக்கு அந்த நிறம் கிடையாது என்றார் ஜியாலஜிஸ்ட். மண்ணில் உள்ள பாக்டீரியா பெட்ரோலைத் தின்கிறது. தின்னும்போது ஆக்ஸிஜன் தீர்ந்துபோகிறது. அது தீர்ந்ததும் மண்ணில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. துரு நிறத்து இரும்பு வேறு நிலைக்குப் போகும்போது மண் இப்படிப் பச்சையாகும். "அறுபது வருஷமா யாரோ சாப்பிட்டுட்டு இருக்காங்க. இன்னும் முடிக்கல" என்றார். பி.ஐ.டி. 800ஐத் தாண்டியது. பதினோராவது அடியில் கெட்டியான களிமண். அதற்குக் கீழே கருவி கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறங்கியது.

மாதிரிகளைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகிறது என்று ஒவ்வொரு இடத்திலும் கையெழுத்திட்டு லேபுக்கு அனுப்பினார்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரும் போனது. எட்டு நாள் கேன் தண்ணீர்தான் குடித்தோம். அவள் பல் தேய்க்கக்கூடக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை.

கிணற்றுக்கு வந்த பதில் இரண்டே எழுத்து: என்.டி. கண்டறியப்படவில்லை.

நான் சந்தோஷப்பட்டேன். அவள் கேட்டாள், "எவ்வளவு இருந்தா கண்டுபிடிப்பாங்க?"

மென்பொருள் டெஸ்டிங்கில் பத்து வருஷம் இருப்பவள். ரிப்போர்ட்டின் ஓரத்தில் அதுவும் இருந்தது, பென்சீனுக்கு லிட்டருக்கு 0.5 மைக்ரோகிராம். கலிஃபோர்னியாவில் குடிநீரில் பென்சீன் 1 மைக்ரோகிராம் வரை இருக்கலாம், அமெரிக்க அரசின் வரம்பு 5. என்.டி. என்றால் இல்லை என்று அர்த்தம் இல்லை. இந்தக் குச்சியால் அளக்க முடிகிற அளவுக்கு இல்லை என்று அர்த்தம்.

*

இந்த டேங்க் ஏன் யார் பதிவிலும் இல்லை என்று தேடினேன். அமெரிக்காவில் பூமிக்கடியில் புதைத்த எரிபொருள் டேங்குகளுக்கு 1984இல்தான் சட்டம் வந்தது. 1988இல் விதிகள். பழைய டேங்குகளை மேம்படுத்தவோ எடுக்கவோ 1998 டிசம்பர் வரை கெடு. நாடு முழுக்கப் பெட்ரோல் பங்க்குகளைத் தோண்டியது அந்தக் காலத்தில்தான். ஆனால் 1,100 கேலனுக்கு மிகாத, விவசாயியின் சொந்த உபயோகத்துக்கான டேங்குக்கு அந்தச் சட்டத்தில் விலக்கு உண்டு. எங்களுடையது 550 கேலன். சட்டத்தின் வலை அதன் மேல் விழவே இல்லை. விலக்கு கொடுத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் கொடுத்திருக்க மாட்டார்கள். சின்ன விவசாயி, அவனைப் போட்டுப் படுத்த வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். நான் அந்த இடத்தில் இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள மேட்டில் ஏறினால் லிவர்மோர் தேசிய ஆய்வகம் தெரியும். அணு ஆயுத ஆராய்ச்சிக்குப் பேர்போன இடம். அதுவும் ஒரு காலத்தில் ரான்ச்தான். 1942இல் கடற்படை அந்த 692 ஏக்கரை விமானிகள் பயிற்சிக்காக வாங்கியது, 1952இல் ஆய்வகமானது. உள்ளே வண்டிகளுக்குப் பெட்ரோல் போடும் இடம் ஒன்று இருந்தது. 1952க்கும் 1979க்கும் இடையில் அங்கிருந்த டேங்கிலிருந்து 17,000 கேலன் வரை மண்ணுக்குள் போயிருக்கலாம் என்று கணக்கு. 1993இல் அவர்கள் மண்ணுக்குள் நீராவியைச் செலுத்தி, களிமண் அடுக்குகளை மின்சாரத்தால் சூடாக்கி, 7,600 கேலனுக்கு மேல் வெளியே இழுத்தார்கள். ஹைட்ரஜன் குண்டு செய்யத் தெரிந்த இடத்திலும் பெட்ரோல் டேங்க் ஒழுகியிருக்கிறது என்பதைப் படித்தபோது, அல்பமாக ஒரு ஆறுதல் வந்தது.

அதே ஆய்வகம் 1995இல் கலிஃபோர்னியாவின் ஒழுகும் டேங்குகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. பழைய கேஸ்களையெல்லாம் தோண்டிப் பார்த்துவிட்டு அவர்கள் சொன்னது, நிலத்தடி நீரில் பென்சீன் பெரும்பாலும் 250 அடியைத் தாண்டிப் போவதில்லை, பாக்டீரியாவே தின்று நிறுத்திவிடுகிறது, ஆகவே எல்லா இடத்தையும் கோடிக்கணக்கில் செலவழித்துச் சுத்தம் செய்ய வேண்டியதில்லை என்று. ஜியாலஜிஸ்ட் அம்மா இதைச் சொன்னதும் நான் பிடித்துக்கொண்டேன்.

அவள் அடுத்த நாள் காலையில் வேறொன்றைக் கொண்டுவந்தாள். 1996இல் சான்டா மோனிகா நகரம் தன் குடிநீர்க் கிணறுகளை மூடியது. காரணம் எம்.டி.பி.இ., பெட்ரோலில் கலக்கும் ஒரு சேர்க்கை. தண்ணீரில் நன்றாகக் கரையும், பாக்டீரியா லேசில் தொடாது. 2003 முடிவோடு கலிஃபோர்னியா அதைத் தடை செய்தது.

"பாக்டீரியா பார்த்துக்கும்னு சொன்ன மறு வருஷமே," என்றாள்.

"நம்ம டேங்க் அதுக்கு முன்னாடியே நின்னுபோச்சு. எம்.டி.பி.இ. பெட்ரோல்ல வந்ததே 79க்கு அப்புறம்தான்."

"சரி. அப்ப நம்ம டேங்க் காலத்துப் பெட்ரோல்ல என்ன இருந்துச்சு?"

ஈயம் இருந்தது. டெட்ராஎத்தில் ஈயம், அதைக் கலந்தால் என்ஜின் தட்டாமல் ஓடும் என்று 1921இல் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்தது. சாலையில் ஓடும் வண்டிகளுக்கு அமெரிக்காவில் அது முழுதாக நின்றது 1996இல். ஈயத்தைப் பாக்டீரியா தின்று தீர்க்காது. லேபுக்கு மறுபடி எழுதி ஈயத்தையும் பார்க்கச் சொன்னோம். அந்த வட்டாரத்து மண்ணில் இயல்பாக இருக்கும் அளவுதான் வந்தது. அவள் அந்தத் தாளை ஃப்ரிட்ஜின் மேல் காந்தம் வைத்து ஒட்டினாள்.

*

அக்டோபரில் டேங்கை எடுத்தோம். நவம்பரில் மழையும் குழந்தையும் வரும், அதற்குள் முடிக்க வேண்டும் என்று கணக்கு.

முதலில் மிச்சம் இருந்ததை உறிஞ்சி எடுத்தார்கள். பிறகு உள்ளே ட்ரை ஐஸ் கட்டிகளைப் போட்டார்கள். அது கார்பன் டை ஆக்சைடாகி ஆக்ஸிஜனை வெளியே தள்ளும், அப்போதுதான் டேங்க் வெடிக்காது. கருவி வைத்துப் பார்த்து, கவுண்டி அதிகாரி தலையசைத்ததும் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். பிரசவ அறைக்கு வெளியே நிற்பவன் மாதிரி நின்றேன். வெளியே வந்தது ஒரு துருப்பிடித்த உருளை, ஓரங்களில் ஈரமண் அப்பியிருந்தது.

நிலத்தை விற்றவரிடமும் தேதியைச் சொல்லியிருந்தேன். வரமாட்டார் என்று நினைத்தேன், வந்திருந்தார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றார். அவர் அப்பா அறுபதுகளில் இதை நிறுத்திவிட்டு, கால் வைத்த டேங்க் ஒன்றைக் கொட்டகைக்குப் பின்னால் நிறுத்தியிருக்கிறார். "காலி பண்ணிட்டோம்னு அப்பா சொன்னாரு. காலியா இருக்கிறதை யாரு டேங்க்னு நினைப்பா?" என்றார். பொய் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

டேங்கைப் புரட்டிப் போட்டதும் ஜியாலஜிஸ்ட் அடிப்பக்கத்தைத் துணியால் துடைத்தார். பட்டாணி அளவில் அங்கங்கே துளைகள். ஒன்று மட்டும் பெரிது, ரூபாய்க் காசு அளவு. நேராக எரிபொருள் ஊற்றும் குழாய்க்குக் கீழே. "இது துரு மட்டும் இல்லை. குச்சி" என்றார்.

எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அளவுக் குச்சியை அந்தக் குழாய் வழியே விடுவார்கள். குச்சி ஒவ்வொரு தடவையும் அடியில் ஒரே இடத்தில் போய் இடிக்கும். பல வருஷம் இடித்தால் அந்த இடத்தில் தகடு தேயும், தேய்ந்த இடத்தில் துரு ஏறும். பழைய டேங்குகளில் இது சகஜமாம். அதனால்தான் பிற்பாடு ஊற்றும் குழாய்க்கு நேர்கீழே ஒரு கெட்டித் தகடு வைத்தார்கள்.

பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கை தானாக ஒரு குச்சியை மேலே இழுத்து, கண்ணுக்கு நேரே பிடிப்பது போல அசைந்தது. "தினம் காலைல," என்றார். "காபிக்கு முன்னாடி. யாரும் திருடிடக் கூடாது, ஒரு சொட்டு வீணாகக் கூடாது. அப்பா அப்படி."

அதற்குமேல் அவர் எதுவும் பேசவில்லை. குழியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அப்புறம் எவ்வளவு ஆகும் என்று கேட்டார். சொன்னேன். தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

*

அன்று இரவு அப்பாவுக்கு போன் செய்தேன். அங்கே காலை. அதுவரை வீட்டில் இதைச் சொல்லவில்லை. பணம் போன விஷயத்தைச் சொன்னால் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்பா சொன்னார், "பெட்ரோல் மண்ணுல எறங்குனா தப்பா தம்பி?"

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

எங்கள் வயலில் ஆற்றுத் தண்ணீர் வந்தால் வரும், இல்லையென்றால் இல்லை. போர் போட்டு டீசல் என்ஜினில் இறைத்துத்தான் பல வருஷம் சாகுபடி. மோட்டார் கொட்டகைக்குள் டீசல் பேரல் படுத்திருக்கும். என்ஜினுக்கு அடியில் மண் கறுத்து, தார் போட்டது போலக் கெட்டியாக இருக்கும். ஆயில் மாற்றினால் பழைய ஆயிலை அப்பா வீணாக்க மாட்டார். கொட்டகைக் கால்களுக்குக் கரையான் வராமல் இருக்கப் பூசுவார். மிச்சத்தை வேலியோரம் ஊற்றுவார். பேரலில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அவரிடமும் ஒரு மூங்கில் குச்சி இருந்தது. அதில் அவர் கத்தியால் போட்ட கோடுகள். பள்ளிக்கூடம் போவதற்கு முன் குச்சியை விட்டுப் பார்த்து எத்தனை கோடு என்று சொல்வது என் வேலை.

"நம்ம மோட்டார் கொட்டாய்ல சிந்துனது எவ்ளோ இருக்கும்?" என்றார் அப்பா. "அதையும் தோண்டணும்னா வயலையே அள்ளணும்."

"அது கொஞ்சம்ப்பா."

"அந்தாளு அப்பாவும் கொஞ்சம்னுதான் நெனச்சிருப்பாரு."

நண்பர்கள் எல்லோரும் வழக்குப் போடச் சொன்னார்கள். படிவத்தில் "இல்லை" என்று டிக் போட்டிருக்கிறார், கேஸ் நிற்கும் என்றார் ஒரு வக்கீலும். மனைவிக்கும் அதே எண்ணம்தான். நான் போடவில்லை. அதற்குப் பெருந்தன்மை என்று பெயர் வைக்க மாட்டேன். நீதிமன்றத்தில் அந்தப் பெரியவர் நின்றால் எனக்கு என் அப்பா நிற்பது போலத்தான் தெரியும், அவ்வளவுதான். ஆனால் அந்த முடிவுக்கான விலையில் பாதி அவளுடைய சம்பளம். அதை நான் தனியாக முடிவு செய்தது சரியா என்று அவள் இன்றைக்கும் கேட்பாள். என்னிடம் பதில் கிடையாது.

*

குழி வளர்ந்துகொண்டே போனது. பச்சை மண் தெரியும்வரை தோண்டு, பக்கச்சுவரில் மாதிரி எடு, லேபுக்கு அனுப்பு, காத்திரு, மறுபடி தோண்டு. கடைசியில் 22 அடி நீளம், 18 அடி அகலம், 12 அடி ஆழம். அள்ளிய மண்ணைப் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் குவித்து, மேலேயும் பிளாஸ்டிக் போட்டு மூடினார்கள். ஏறக்குறைய 260 டன். 13 லாரிகள். இந்த மாதிரி மண்ணை வாங்குவதற்கு அனுமதி உள்ள குப்பைக் கிடங்குக்குப் போனது.

முதல் லாரி கேட்டைத் தாண்டும்போதுதான் உறைத்தது. நாங்கள் எதையும் சுத்தம் செய்யவில்லை, வேறு இடத்துக்கு மாற்றுகிறோம். அந்தக் கிடங்கில் அடியில் விரிப்பு உண்டு, கண்காணிப்பு உண்டு, குழந்தை கிடையாது. அது பெரிய வித்தியாசம்தான். இருந்தாலும் அது இன்னும் எங்கோ இருக்கிறது, எங்கள் முகவரி எழுதிய ரசீதோடு.

அடித்தரை சுத்தம். மூன்று பக்கச்சுவர்கள் சுத்தம். தெற்குச் சுவரில் ஒன்பதாவது அடியில் பென்சீன், கிலோவுக்கு 1.6 மில்லிகிராம். களிமண்ணின் முதுகில் வழிந்து, சரிவில் தெற்கே போயிருக்கிறது. தெற்கே இருப்பது ஓக் மரம்.

கலிஃபோர்னியா நீர்வள வாரியத்துக்கு 2012இலிருந்து ஒரு கொள்கை உண்டு. அபாயம் குறைந்த பெட்ரோல் கசிவுகளை எந்த நிலையில் முடித்துவைக்கலாம் என்று சொல்வது. அதன்படி குடியிருப்பு நிலத்தில் ஐந்திலிருந்து பத்து அடி ஆழத்தில் பென்சீன் 2.8 மில்லிகிராம் வரை இருக்கலாம். 1.6 என்பது அதற்குள் அடங்கும். அதிகாரி இந்த அளவை வைத்துப் பார்த்துவிட்டு, விட்டுவிடலாம் என்றார். ஜியாலஜிஸ்ட்டும் அதையே சொன்னார். இன்னும் எட்டு அடி தெற்கே போனால் அதுவும் போய்விடும், கூடவே மரத்தின் வேரில் கால்வாசியும் போகும், மரம் பிழைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. எங்களைவிட, அந்தக் குடும்பத்தைவிட, இந்த ஊரைவிட மூத்த மரம்.

எட்டு மாத வயிற்றோடு அவள் குழியின் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"பக் இருக்குன்னு தெரிஞ்சே ரிலீஸ் பண்றோம். அப்படித்தானே?"

"தெரிஞ்ச பிரச்சினைன்னு ஆவணத்துல எழுதி ரிலீஸ் பண்றோம்."

"உன் ஆபீஸ்ல அதை யூசர் படிப்பானா?" வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இந்த யூசர் படிக்காது. மண்ணுல விளையாடணும்னுதானே இங்க வந்தோம்."

அன்று எங்களுக்குள் நடந்த சண்டையை எழுத முடியாது. நான் மரத்தைப் பற்றிப் பேசினேன். பணம் முடிந்துவிட்டது என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால்தான் மரத்தைப் பேசினேன். அவளுக்கு அது தெரியும். 83,000 டாலர் ஆகியிருந்தது. கடைசியில் அவள்தான் கேட்டாள், "உண்மையாவே மரமா, காசா?" ரெண்டும் என்றேன். "அதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றாள்.

இரண்டு நாள் கழித்து ஜியாலஜிஸ்ட்டை அவளே கூப்பிட்டு, தாளில் எழுதிவைத்த பதினொரு கேள்விகளைக் கேட்டாள். மரத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு கண்காணிப்புக் கிணறு போட வேண்டும், வருஷத்துக்கு இரண்டு முறை தண்ணீர் பார்க்க வேண்டும், எண் ஏறினால் மரத்தைப் பற்றி யாரும் பேசக் கூடாது. இந்த நிபந்தனைகளோடு குழியை மூடச் சம்மதித்தாள். புது மண் வந்து, அடுக்கடுக்காக அழுத்தி நிரப்பினார்கள். நவம்பர் இரண்டாவது வாரம் மகள் பிறந்தாள்.

டிசம்பரில் பெரியவரிடமிருந்து ஒரு உறை வந்தது. உள்ளே 12,000 டாலருக்குக் காசோலை, வேறு ஒரு வரியும் இல்லை. மாட்டு டிரெய்லரை விற்றதாகப் பக்கத்து ரான்ச்காரர் பிற்பாடு சொன்னார். திருப்பி அனுப்பலாமா என்று ஒரு இரவு யோசித்தோம். காலையில் வங்கியில் போட்டோம். வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் பணக்காரர்கள் இல்லை.

*

அந்தக் குளிர்காலத்தை இங்கே யாரும் மறக்க மாட்டார்கள். 2022 டிசம்பர் கடைசியிலிருந்து 2023 ஜனவரி நடுப்பகுதிவரை, ஒன்றன்பின் ஒன்றாகப் பசிபிக்கிலிருந்து வானத்து ஆறுகள் வந்து கொட்டின. வறட்சியையே பார்த்துப் பழகிய மாநிலம் வெள்ளத்தில் நின்றது. ஜன்னல் வழியே ஓக் மரத்தைப் பார்த்துக்கொண்டு, ஆறு வாரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த ஒன்பதாவது அடியில் இப்போது என்ன நடக்கிறது என்று யோசித்தபடி இரவெல்லாம் நடந்தேன்.

பிப்ரவரியில் கண்காணிப்புக் கிணற்றில் பென்சீன் 0.7 வந்தது. குடிக்கிற கிணற்றில் என்.டி. ஆகஸ்டில் இரண்டிலும் என்.டி. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் அப்படியே. ஃப்ரிட்ஜின் மேல் காந்தத்துக்கடியில் தாள்கள் சேர்ந்துகொண்டே போகின்றன. எல்லாவற்றிலும் அந்த 0.5ஐ அவள் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறாள். என்றைக்காவது இந்த நிலத்தை விற்றால், அந்தப் படிவத்தில் "ஆம்" என்ற கட்டத்தில் டிக் போட்டு, இந்தத் தாள்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விலை குறையும்.

போன வருஷம் ஊருக்குப் போனபோது மோட்டார் கொட்டகைக்குப் போனேன். இப்போது கரண்ட் மோட்டார்தான். ஆனால் அவசரத்துக்கு இருக்கட்டும் என்று டீசல் என்ஜினை அப்பா விற்கவில்லை. அதற்கு அடியில் ஒரு அலுமினியத் தாம்பாளம் இருந்தது. அம்மா பழைய சாமான்களோடு போடவிருந்ததாம். அப்பா அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தாம்பாளத்தில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்பு ஆயில். அதை எங்கே கொண்டுபோய் ஊற்றுவார் என்று கேட்க நினைத்தேன். அதற்கு என்னிடமும் பதில் இல்லை என்பதால் விட்டுவிட்டேன்.

மகளுக்கு விளையாட வீட்டுக்கு முன்னால் மரப்பெட்டி ஒன்று செய்து மணல் நிரப்பியிருக்கிறோம். கடையில் பை பையாக விற்கும், கழுவிச் சலித்த மணல். நாலு ஏக்கர் மண்ணுக்கு நடுவில், பாக்கெட் மணலில் விளையாடுகிறாள். பார்க்க வருகிற நண்பர்கள் சிரிப்பார்கள். நாங்களும் சேர்ந்து சிரிப்போம்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியிலிருந்து இறங்கி நேராக ஓக் மரத்தடிக்குப் போய்விட்டாள். எங்கிருந்தோ ஒரு குச்சியைப் பொறுக்கிக்கொண்டு, வேருக்குப் பக்கத்தில் குத்திக் குத்திக் கிளறினாள். கிளறிய மண்ணைக் கையில் எடுத்து மோந்து பார்த்தாள். நான் வேலியோரம் நின்றேன். மனைவி சமையலறை வாசலில் நின்றாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அது மேல் மண். மேல் மண்ணில் எதுவும் இல்லை, அதற்கும் தாள் இருக்கிறது. இருவரும் கூப்பிடவில்லை.

கால் மணி நேரம் கழித்துத் தூக்கிவந்து கையைக் கழுவிவிட்டோம். மூன்று தடவை.